கடைசி போல்ட்டை முறுக்கியவன்

போன மாதம் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ரோலர் மெஷின் ஒன்று வந்து இறங்கியது. தரையில் பள்ளம் தோண்டி உருளைகளைப் பதித்து, அவற்றின் மேல், பழுது பார்த்து ஓட்டிப் பார்க்கவேண்டிய காரை ஏற்றிப் பட்டையால் கட்டிவிடுகிறார்கள். கார் நின்ற இடத்திலேயே தலைதெறிக்க ஓடுகிறது. பெடலை மிதிக்கக்கூட உள்ளே ஆள் வேண்டாம், அதற்கும் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ஆபரேட்டர் ஒருவர் தடித்த கண்ணாடிக்கு அப்பால் தனி அறையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் போதும். ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கும் என்னையும் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள்.

சுவரில் மாட்டியிருந்த விதிப் பலகையில் ஒரு வரியை அன்றைக்குத்தான் அழித்தார்கள். "கடைசி போல்ட்டை முறுக்கியவர் முதல் ஓட்டத்தில் கூடவே உட்கார வேண்டும்" என்ற வரி. இனி அதற்கு வேலை இல்லை. இப்போது வேலை பார்ப்பவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார், "அண்ணா, இந்த ரூலு இன்னாத்துக்கு வெச்சாங்க? ஒழுங்கா வேலை செய்யலன்னா நீயும் சேர்ந்து சாவுன்னா?" எல்லோரும் சிரித்தார்கள். மைக்கைக் கையில் திணித்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். கூட்டத்தைப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆள் நான். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். சொன்ன சொல்லுக்காக இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு பயந்தாங்கொள்ளி. ஷாப்பில் இரண்டு செல்வம் இருந்ததால் என்னைப் 'பயந்த செல்வம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கஸ்டமர் முன்னாலும் அப்படியே கூப்பிடுவார்கள். தூக்கி நிறுத்திய வண்டியின் அடியில் படுக்கப் பயம்; நானே வைத்த ஸ்டாண்டை நான் நம்ப மாட்டேன். வேகம் என்றால் அதைவிடப் பயம். வேகமாக ஓடுவதற்கென்றே செய்த கார்களைப் பழுது பார்க்கும் இடத்தில் இந்த மனுஷனுக்கு எப்படி வேலை கொடுத்தார்கள் என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் கேட்பாள்.

வேலை கிடைத்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ. முடித்தேன். அம்பத்தூரில் சில வருஷம். எங்கள் பக்கத்தில் கம்பெனிகள் வந்த பிறகு ஒரகடத்தில் லாரி பாகங்கள் செய்யும் இடத்தில் லைனில் சில வருஷம். ஒப்பந்தம் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே நின்றேன். தண்டலம் தாண்டி சர்வீஸ் ரோட்டில் பழைய கார்களுக்கென்று ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் சர்ச்சில் ஒருவர் சொன்னார். போனேன், ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அங்கே ஃபோர்மேன் தேவசகாயம் சார். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். எங்கள் பக்கத்தில் வேலை சொல்பவர் வேலை செய்பவரை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார். சார் யாரையும் 'டா' போட்டதில்லை. 'வாரும்வே', 'இரும்வே' என்று தன் ஊர் மரியாதையில்தான் பேசுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். சத்தம் போடமாட்டார். போட்டுத் தொலைத்தால் தேவலை என்றிருக்கும், ஏனென்றால் அவர் கேட்கும் கேள்வி அப்படி. நாம் எதைச் சொன்னாலும், "தெரிஞ்சு சொல்லுதீரா, நெனச்சு சொல்லுதீரா?" என்பார். நினைத்துத்தான் சொல்கிறேன் என்றால் போய்த் தெரிந்துகொண்டு வரவேண்டும்.

இடது காலை லேசாக இழுத்து நடப்பார். அந்த ஷூவின் முன்பாதியில் துணி அடைத்திருக்கும். விரல்கள் கிடையாது. எங்கள் ஷாப்புக்கு வருவதற்கு முன் ஒரு ரேஸ் காரை ஓட்டிப் பார்த்தபோது கிளட்ச் வெடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று வாட்ச்மேன் சொன்னார். கிளட்ச் வெடிக்குமா என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என்ஜினின் பின்முனையில் ஃப்ளைவீல் என்று கனமான வட்டத் தட்டு ஒன்று சுழலும். கிளட்ச் பிளேட்டை அதோடு அழுத்திப் பிடித்தால் வண்டி நகரும், விட்டால் என்ஜின் மட்டும் தனியாகச் சுழலும். கிளட்ச் என்பது இவ்வளவுதான். ஆனால் அந்தத் தட்டு தாங்கும் அளவுக்கு மேல் சுழன்றால் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். சுற்றியிருக்கும் அலுமினிய உறை அதை நிறுத்தாது. இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரில் அந்த உறை இருக்கும் இடம், உட்கார்ந்திருக்கும் இருவரின் கால்களுக்கும் நடுவே. இடையில் ஒரு மெல்லிய தகடுதான் உண்டு.

இது தெரிந்தவர் என்பதால் சார் கிளட்ச் வேலையில் காட்டும் பொறுமைக்கு அளவே இல்லை. கியர் பாக்ஸை இறக்கியதும் பழைய பாகங்களைத் துடைத்து ஒரு வெள்ளை வேட்டித் துணியில் வரிசையாக வைக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் புதுப் பாகம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் நம்பரை அவர் பார்க்கவே மாட்டார். "பெட்டிக்கு ஆரு வேணா பேரு எழுதலாம்" என்பார். விட்டம், ஓட்டை, உயரம் என்று அவர் கேட்கக் கேட்க நாம் அளந்து வாய்விட்டுச் சொல்லவேண்டும். புது பிளேட்டின் நடுவில் இருக்கும் பற்களைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு அதைக் கியர் பாக்ஸ் தண்டில் கையாலேயே நுழைத்துப் பார்க்கவேண்டும், இடிக்காமல் போய்வரவேண்டும். ஃப்ளைவீலைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலின் மரப்பிடியால் ஒரு தட்டு தட்டுவார். நல்ல தட்டு மணியாகக் கேட்கும். உள்ளே கீறல் இருந்தால் செத்த சத்தம் வரும். ஷாப்பில் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுத்தான் தட்டுவார், நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

எல்லாம் முடிந்து வண்டி தரையில் இறங்கிய பிறகுதான் எனக்குப் பயம் பிடிக்கும். முதல் ஓட்டம் எப்போதும் சார்தான் ஓட்டுவார். பக்கத்தில், கடைசி போல்ட்டை முறுக்கியவன் உட்காரவேண்டும். செய்தவனுக்கே பொறுப்பு வரட்டும் என்று வைத்திருக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் புரிந்துகொண்டோம். அதனால் கடைசி போல்ட்டிலிருந்து தப்பிக்க ஷாப்பில் நடக்காத தில்லுமுல்லு இல்லை. ஒருவனுக்குத் திடீரென்று போன் வரும், இன்னொருவன் பாத்ரூம் போய்விடுவான். ஒரே ஒரு போல்ட்டை வேண்டுமென்றே மீதி வைத்துவிட்டு, "செல்வம், கை வழுக்குதுடா, அத்த மட்டும் பாத்துக்கோ" என்பார்கள். நானும் ஏமாந்துபோய் முறுக்குவேன். ஸ்பேனர் என் கையில் இருக்கும்போது எல்லோரும் கைதட்டுவார்கள்.

காரில் ஏறியதும் சார் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். நானும் போடுவேன். நாங்கள் வேறு சபைக்காரர்கள், எங்கள் வீட்டில் சிலுவை போடும் பழக்கம் இல்லை. இருந்தாலும் அந்த நேரத்தில் சபை பார்க்கத் தோன்றாது.

இனி நளினி மேடத்தின் காருக்கு வருகிறேன். தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துபவர் அவர். கார் அவருடைய கணவர் வாங்கியது, வெளிநாட்டுக் கம்பெனியின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கணவர் இறந்த பிறகு ஷெட்டிலேயே கிடந்தது. தூசி தட்டி எடுத்து ஓட்டினால், மேட்டில் என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றார். கல்லூரியில் படிக்கும் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு தடவை ரேஸ் டிராக்கில் ஓட்டவேண்டும், அவனுக்கு அவனுடைய அப்பா சொல்லிவைத்த வாக்கு அது என்றார்.

நோய் என்ன என்று பார்க்கச் சார் அதை ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளட்ச் வழுக்கியது. அன்றைக்கு ஒன்றைக் கவனித்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து சார் காலை எடுத்த மாத்திரத்தில் என்ஜின் சத்தம் சட்டென்று கீழே விழும். என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் முள்ளும் கூடவே விழும். பயந்தவன் காது எப்போதும் திறந்தே இருக்கும், அதனால் இதெல்லாம் மனதில் தங்கிவிடும்.

பிரித்துப் பார்த்தால் கிளட்ச் பிளேட் ஆணி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஃப்ளைவீலைத் தொங்கவிட்டுத் தட்டினார் சார். செத்த சத்தம். இரண்டாம் தடவை தட்டவில்லை. "இது ஆவாதுவே. வேற பாரும்" என்று குமரேசனிடம் சொன்னார். அன்றிரவே தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். நான் மறுநாள் காய்ச்சலில் படுத்தேன்.

குமரேசனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்ரீபெரும்புதூர்க்காரன், என் நண்பன், கைத்திறமையில் எங்கள் யாரையும்விடப் பெரியவன். ஒரகடத்தில் கார் கம்பெனி லைனில் நிறைய வருஷம் நின்றவன். லைனில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே தப்பான பாகம் உட்காரவே உட்காராது. ஒரு முளை இடிக்கும், ஒரு ஓட்டை விலகி நிற்கும், பச்சை விளக்கு எரியாது. தொழிலாளி தூக்கக் கலக்கத்தில் தப்புச் செய்தாலும் வண்டியில் தப்பு ஏறக்கூடாது என்று பெரிய பெரிய இன்ஜினியர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு அது. உட்கார்ந்துவிட்டால் அது சரியான பாகம்தான். இந்த நம்பிக்கை ஷிப்ட்டுக்கு ஷிப்ட் கைக்குள் ஏறிவிடும். எனக்கும் ஏறியிருந்தது, இறங்க நாளாயிற்று. பழைய காருக்கு அப்படி யாரும் யோசித்து வைக்கவில்லை.

அந்த ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி அதே என்ஜினை வேகம் குறைத்து ஒரு வேனிலும் போட்டிருந்தது. ஸ்போர்ட்ஸ் காரின் ஃப்ளைவீல் சென்னையில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. வேனுடையது கிடைத்தது. குமரேசன் தட்டிப் பார்த்தான், மணியாகக் கேட்டது. வைத்துப் பார்த்தான். எல்லா ஓட்டையும் எல்லா முளையும் அச்சு அசலாகப் பொருந்தின. புது கிளட்சைப் பூட்டி, கியர் பாக்ஸை ஏற்றி மூடிவிட்டான்.

காய்ச்சல் விட்டு நான் வேலைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஷாப்புக்கு ஆள் ஏற்றிவரும் பழைய வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. என்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். கியர் மாற்றும்போதெல்லாம் உம்ம்ம் என்று இழுத்து இழுத்து அடங்கும். காய்ச்சல் மண்டைக்கு அந்த இரைச்சல் தாங்கவில்லை.

மேடமும் மகனும் காலையிலேயே வந்து காத்திருந்தார்கள். தெரிந்தவர் ஒருவர் மூலம் அன்றைக்கு டிராக்கில் அவர்களுக்கு நேரம் கிடைத்திருந்தது. எங்கள் ஓட்டம் முடிந்ததும் காரை அப்படியே அங்கே எடுத்துப்போவதாக ஏற்பாடு. பையன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சார் ஊரிலிருந்து நேராக ஷாப்புக்கே வந்திருந்தார்.

"ஃப்ளைவீலு கெடச்சுதாவே?" என்று குமரேசனைக் கேட்டார்.

"கெடிச்சிது சார். அதே கம்பெனி, அதே இஞ்சினு."

"தட்டிப் பாத்தீரா?"

"கோயில் மணி மாறி கீது சார். வெச்சதும் அப்டியே கரீட்டா குந்திக்கிச்சி."

"தெரிஞ்சு சொல்லுதீரா?"

"என் கையால வெச்சேன் சார்."

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேனுடையது என்பதை அவன் மறைக்கவும் இல்லை. அது சொல்லவேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. சார் தலையை ஆட்டினார். கியர் பாக்ஸ் ஏறிவிட்டது, உள்ளே பார்க்க வழியும் இல்லை. அதற்குள் குமரேசன் என் பக்கம் வந்து, "மச்சி, அடியில ஒரு போல்ட்டு பாக்கி கீது, முறுக்கிடு" என்றான். காய்ச்சல் மயக்கத்தில் முறுக்கிவிட்டேன். கைதட்டினார்கள்.

ஓட்டிப் பார்க்க எங்களுக்கு ஒரு ரோடு உண்டு. ஒரகடத்துக்குப் பின்பக்கம், மனை போட்டுக் கம்பெனி இன்னும் வராத இடம். நேர்க்கோடாகப் போகும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகள்கூட இருக்காது. அங்கே போகும்வரை சார் மெதுவாகவே ஓட்டினார். கிளட்ச் பூப்போல எடுத்தது. வழுக்கல் இல்லை, அதிர்வு இல்லை. "நல்லாருக்குவே" என்றார். எனக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனால் எனக்கு என்றைக்குத்தான் சரியாக இருந்தது?

ரோட்டின் முனையில் நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டு, "ஒரு தடவ பாதி வர போவோம். அடுத்த தடவ முழுசும் மிதிப்போம். மேடம் டிராக்குல அப்பிடித்தான மிதிப்பாங்க" என்றார்.

முதல் தடவை போனோம். கார் பாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். சார் காலை எடுத்துக் கியர் மாற்றும்போது என்ஜின் சத்தம் கீழே விழும் என்று என் காது எதிர்பார்த்திருந்தது. விழவில்லை. உம்ம்ம் என்று இழுத்து, தயங்கி, மெல்ல அடங்கியது. கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தேன். அதுவும் சோம்பலாக இறங்கியது. காலையில் எந்த இரைச்சலில் தலைவலித்ததோ அதே இரைச்சல். நான் வேனில் உட்கார்ந்திருந்தேன்.

 அதே கம்பெனி, அதே என்ஜின் என்று குமரேசன் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. வேன் மெதுவாகச் சுழன்று பாரம் இழுப்பதற்காகச் செய்தது. அதன் தட்டு வார்ப்பிரும்பு, கனம்; காலை எடுத்தாலும் அந்தக் கனம் சுழற்சியைச் சட்டென்று விடாது. இந்தக் கார் அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும். எங்கள் கால்களுக்கு நடுவே இருப்பது அந்தத் தட்டாக இருந்தால், அடுத்த ஓட்டத்தில் சார் முழுசாக மிதித்தால்? நாங்கள் தப்பித்தாலும், அடுத்து அந்தப் பையன் என் சீட்டில் உட்காருவான், பக்கத்தில் அவனுடைய அம்மா.

சொல்லவேண்டும். வாய் வரவில்லை. பயந்த செல்வம் பயந்துவிட்டான் என்பதற்கு மேல் என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? கனம் கூடினால் சத்தம் மாறும் என்பது நினைப்புத்தானே, நான் கண்ணால் பார்த்தேனா? ஒவ்வொரு ஓட்டத்திலும் இதோ செத்தோம் என்று நினைத்தவன்தானே நான்? எப்போதும் பயப்படுகிறவனுக்கு இதுதான் சாபம், உண்மையான பயம் வந்தாலும் அவனுக்கே அடையாளம் தெரியாது.

சார் காரைத் திருப்பி நிறுத்தி மறுபடி சிலுவை போட்டார். கார் கிளம்பியது. முள் ஏற ஏற, உள்ளங்காலில் ஒரு மெல்லிய நடுக்கம் வந்தது. அது காரிலிருந்து வந்ததா என்னிலிருந்து வந்ததா, தெரியவில்லை. என் கால்கள் தாமாகவே தரையை விட்டு எழும்பி சீட்டின் மேல் ஏறிக்கொண்டன. காரின் முன்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். சாரின் கண் ஒரு கணம் என் கால்கள் பக்கம் போய் வந்தது.

"சார், நிறுத்துங்க சார்."

"தெரிஞ்சு சொல்லுதீரா, நெனச்சு சொல்லுதீரா?"

"ரெண்டும் இல்ல சார். பயந்து சொல்றேன்."

காலை எடுத்துவிட்டார். உம்ம்ம் என்று அந்த இரைச்சல் இழுத்து இழுத்து அடங்கியது. ஓரமாக நிறுத்தி சாவியைத் திருகினார். டிரான்ஸ்பார்மர் ரீங்காரத்தைத் தவிர அந்த ரோட்டில் ஒரு சத்தம் இல்லை.

"சொல்லும்."

வேன் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். கோர்வையாக வரவில்லை. அவர் போனை எடுத்துக் குமரேசனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், எந்த வண்டியில் கழற்றியது என்று. பதிலைக் கேட்டதும் போனை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.   நின்ற வண்டியில் அவர் ஸ்டியரிங்கை அப்படிப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. கயிறு கட்டி இழுத்துப்போக ஆள் வருகிறதா பார்க்கலாம் என்று நான் கதவைத் திறந்தேன்.

"எறங்காதேயும்வே" என்றார். "செத்த நேரம் இங்கயே இரும்."

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டேன். இழுத்துப்போக ஷாப்பிலிருந்து வண்டி வரும்வரை இருவரும் காரிலேயே இருந்தோம்.

மத்தியானம் கியர் பாக்ஸை இறக்கினோம். மேடமும் மகனும் போகவில்லை, அங்கேயே நின்றார்கள். ஃப்ளைவீலைக் கயிற்றில் தொங்கவிட்டார் சார். கம்ப்ரஸரை நிறுத்தினோம். மரப்பிடியால் தட்டினார். போகும்போது மணியாகக் கேட்டது, திரும்பி வந்தபோது செத்திருந்தது. கழுவித் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினால், ஒரு முளை ஓட்டையிலிருந்து விளிம்பு வரைக்கும் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது.

குமரேசன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். "குந்திக்கிச்சே சார்... எல்லா ஓட்டையும் குந்திக்கிச்சே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"தட்டு உக்காரும்வே. ஏன் உக்காராது? உக்காருதது வேற, தாங்குதது வேற" என்றார் சார். அதற்கு மேல் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

மேடம் மெதுவாக முன்னால் வந்து அந்தத் தட்டைப் பார்த்தார். "இது ஓட்டும்போது எங்க இருக்கும் சார்?"

சார் குனிந்து தன் இடது ஷூவைத் தொட்டுக் காட்டினார். மேடம் அந்த ஷூவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அவன் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். பல மாதம் கழித்துச் சரியான தட்டு வெளிநாட்டிலிருந்து வந்தது, இருவரும் டிராக்கில் ஓட்டி முடித்து ஸ்வீட் பாக்ஸுடன் வந்தார்கள். அது வேறு விஷயம்.

அன்று சாயங்காலம் எதிரில் இருக்கும் டீக்கடையில் சாரும் நானும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு உயிர் போய் உயிர் வந்த களைப்பு. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"சார், இந்தக் கடைசி போல்ட் ரூலு நல்ல ரூலுதான் சார். அது இல்லன்னா நான் உக்காந்திருக்க மாட்டேன், அந்தச் சத்தமும் தெரிஞ்சிருக்காது. பொறுப்பு வரணும்னுதானே வெச்சீங்க?"

சார் டீயைக் கீழே வைத்தார்.  கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கியோ. நானும் அப்பிடியே விட்டுட்டேன்" என்றார். "இந்தக் காலு போன அன்னைக்கு நான் ஒத்தையிலதான் வண்டி எடுத்துட்டுப் போனேன் கேட்டீரா. வெடிச்சதும் காலு உள்ள மாட்டிக்கிட்டு. கதவு பக்கம் எட்ட முடியல்ல. கத்துனேன். ஹாரன அமுக்குனேன், அது கம்மிக் கம்மி நின்னுபோச்சு. அந்த ரோட்டுல ஆரும் வரல்ல. வலியெல்லாம் மறந்துபோச்சுவே. ஆருமே இல்லாமக் கெடந்தேம்லா, அது மறக்கல்ல."

நான் பெஞ்சில் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அதுக்குப் பெறவு ஒத்தையில வண்டி எடுக்க என்னால ஆவல்ல. ஏறி உக்காந்தாலே வேர்த்துக் கொட்டும். ஒரு ஆளு பக்கத்துல வேணும். ஃபோர்மேனா இருந்துக்கிட்டு நானே போயி, 'எனக்குப் பயமா இருக்கு, கூட வாங்க'ன்னு எப்பிடிக் கேக்க? ரூலுன்னு எழுதிப் போட்டேன். ரூலுன்னா ஆரும் ஏன்னு கேக்க மாட்டீங்கள்லா."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அத்தனை வருஷமாக ஒரே காரில், ஒரு கை தூரத்தில், இரண்டு பயந்தாங்கொள்ளிகள் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்திருக்கிறோம். ஒருவர் பயம் மற்றவருக்குத் தெரியவில்லை.  அவர் முன்னால் அழக்கூடாது என்று கண்ணாடி டம்ளரைக் கழுவும் சாக்கில் எழுந்துபோனேன்.

அதற்குப் பிறகு, சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்வரை, ஷாப்பில் கடைசி போல்ட்டை நானே கேட்டு வாங்கி முறுக்கினேன். யாரும் பாத்ரூமுக்கு ஓடவேண்டியிருக்கவில்லை. பயந்த செல்வத்துக்குத் திடீரென்று தைரியம் வந்துவிட்டது என்று சிரித்தார்கள். ஒரு தைரியமும் வரவில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே பயம்தான் பட்டேன். சார் சிலுவை போடும்போது நானும் போட்டேன். காரணம் என்ன என்று யாரிடமும் சொல்லவில்லை.

சார் இப்போது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். ரோலர் மெஷின் நல்லது. இனி யார் கால்களுக்கு நடுவிலும் அந்தத் தட்டு சுழல வேண்டியதில்லை. அந்த வரியைப் பலகையிலிருந்து அழித்ததிலும் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் திறப்பு விழா அன்று அந்தக் கண்ணாடி அறையை எட்டிப் பார்த்தேன். கதவு கனமான கதவு, மூடினால் வெளிச் சத்தம் உள்ளே வராது, உள்சத்தம் வெளியே வராது. உள்ளே ஒரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று போடுங்கள். ஏன் என்று யாராவது கேட்டால், அது ரூல் என்று சொல்லிவிடுங்கள்.